வானொலியில் 36, கடையில் 1: 'டேக்கிங் த லாங் வே' வென்றதா, தோற்றதா?

மூன்று பெண்களின் அமெரிக்கக் கன்ட்ரி இசைக்குழுவான டிக்ஸி சிக்ஸ் (Dixie Chicks) 2006-இல் வெளியிட்ட ஆல்பமான 'டேக்கிங் த லாங் வே' பற்றி நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று: கன்ட்ரி ரசிகர்கள் சிடிகளை நொறுக்கினார்கள், வானொலிகள் ஒதுக்கின என்கிறார்கள், அப்படியானால் முதல் வாரமே முதலிடம் எப்படி வந்தது? இன்னொன்று: ஐந்து கிராமி விருதும் பாட்டுக்காகக் கிடைத்தவையா, அதிபர் புஷ்ஷை எதிர்த்துப் பேசியதற்காகக் கிடைத்தவையா? முதல் கேள்விக்கு எண்களோடு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதில் பாதி தூரம்தான் சான்று கூட வரும், அதற்குமேல் ஊகம்தான். எங்கே சான்று முடிகிறது என்பதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நொறுக்கப்பட்டவை இந்த ஆல்பத்தின் சிடிகள் அல்ல. அது நடந்தது 2003-இல், இந்த ஆல்பம் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன். 2003 மார்ச் 10 அன்று லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் பாடகி நடாலி மெய்ன்ஸ், தாங்கள் இந்தப் போரை விரும்பவில்லை என்றும், அமெரிக்க அதிபர் தங்கள் டெக்சஸ் மாநிலத்துக்காரர் என்பதில் வெட்கப்படுவதாகவும் பாட்டுகளுக்கு நடுவே சொன்னார். ஈராக் படையெடுப்புக்கு இன்னும் பத்து நாள்தான். 'கார்டியன்' நாளிதழின் கச்சேரி விமர்சனத்தில் அந்த வரி வந்தது; அங்கிருந்து அமெரிக்காவுக்குத் தாவியது. லூசியானாவின் போசியர் சிட்டியில் குழுவின் பழைய சிடிகளைக் குவித்து டிராக்டர் ஏற்றினார்கள். கன்ட்ரி வானொலிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த 'டிராவலின் சோல்ஜர்' சில வாரங்களில் பட்டியலிலிருந்தே காணாமல் போனது. பாப் நிலையங்களிலும் ஓடிக்கொண்டிருந்த 'லேண்ட்ஸ்லைட்', எல்லா வகைப் பாட்டுகளுக்குமான ஹாட் 100 பட்டியலில் ஒரே வாரத்தில் 10-இலிருந்து 44-க்கு விழுந்தது. 'டிராவலின் சோல்ஜர்' போர்முனைக்குப் போன ஒரு சிப்பாய்க்காக ஏங்கும் பெண்ணின் பாட்டு; அதைப் போர்க்காலத்திலேயே காற்றிலிருந்து இறக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். பாட்டில் என்ன இருந்தது என்று அப்போது யாரும் பார்க்கவில்லை.

'கன்ட்ரி' என்பதை நாட்டுப்புற இசை என்று எழுதிவிட்டால் இந்தக் கதையே புரியாது, அதனால் ஒரு சொல். நாஷ்வில் நகரத்தை மையமாக வைத்து, வானொலியை நம்பி வளர்ந்த ஒரு வணிக இசைத்துறைதான் அது. ராக் இசைக்கோ ராப் இசைக்கோ வானொலி பல வாசல்களில் ஒன்று. கன்ட்ரிக்கு அன்று அநேகமாக அது ஒன்றே தலைவாசல். அந்தக் கதவு சாத்தப்பட்டால் பாடகர் நடுத்தெருவில்தான்.

அந்தக் கதவைச் சாத்தியது யார்? பெரும் வானொலி நிறுவனங்கள் மேலிருந்து உத்தரவு போட்டன என்பதுதான் பரவலான நம்பிக்கை. க்யூமுலஸ் மீடியா விஷயத்தில் அது உண்மை. தன் நாற்பதுக்கு மேற்பட்ட கன்ட்ரி நிலையங்களில் நிறுவன அளவில் தடை போட்டது, 2003 ஜூலையில் செனட் குழு முன் அதற்கு விளக்கமும் சொல்ல வேண்டி வந்தது. ஆனால் அதிகம் திட்டு வாங்கிய கிளியர் சேனல் விஷயத்தில் அந்தக் கதை நிற்காது. சமூகவியலாளர் காப்ரியேல் ராஸ்மன் வானொலி ஒலிபரப்புத் தரவுகளை அலசி 2004-இல் எழுதிய ஆய்வு, பெரிய நிறுவனத்தின் கையில் இருப்பதற்கும் பாட்டை நிறுத்துவதற்கும் மக்கள் நம்பிய தொடர்பு இல்லை என்று காட்டியது. நெருக்குதல் பெரும்பாலும் கீழிருந்து, நேயர்களின் தொலைபேசி அழைப்புகளாக வந்தது. இதை நினைவில் வையுங்கள். 2006-இல் வந்த ஆல்பத்தை ஒதுக்கியது ஏதோ நாலு முதலாளிகளின் சதி என்று சுருக்கிவிட்டால், கன்ட்ரி ரசிகர்களில் பெரும் பகுதியினருக்கு உண்மையாகவே கோபம் இருந்தது என்பது கண்ணில் படாமல் போய்விடும்.

இங்கே பலரும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. "சர்ச்சைக்குப் பிறகும் 2003 சுற்றுப்பயணம் அரங்கு நிறைந்து ஓடியதே, அப்புறம் என்ன ரசிகர் கோபம்?" என்று கேட்பார்கள். அந்தப் பயணத்தின் டிக்கெட் விற்பனைக்கு வந்தது மார்ச் 1-ஆம் தேதி, அதாவது லண்டன் பேச்சுக்கு ஒன்பது நாள் முன்பு. முதல் வார இறுதியிலேயே சுமார் 4.9 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. கையில் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிறவர்கள் குறைவு. மே 1 அன்று தென் கரோலினாவின் கிரீன்வில்லில் மெய்ன்ஸ், கூச்சல் போட வந்தவர்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்று பதினைந்து விநாடி ஒதுக்கினார். கூட்டம் ஆரவாரம்தான் செய்தது. அது ரசிகர் மனநிலைக்குச் சான்றாகாது, உள்ளே வந்தவர்களின் மனநிலைக்குத்தான் சான்று. சர்ச்சைக்குப் பிறகு புதிய பாட்டுகளுக்காகக் காசு எடுக்கச் சொல்லிக் கேட்டது 2006-இல்தான். அதனால் உண்மையான பரீட்சையும் அதுதான்.

இனி ஆல்பம். 2006 மே 23 அன்று கொலம்பியா வெளியிட்டது. தயாரிப்பு ரிக் ரூபின். முந்தைய ஆல்பமான 'ஹோம்' 2002-இல் வந்தது. டெக்சஸில், நடாலியின் தந்தை லாய்ட் மெய்ன்ஸோடு சேர்ந்து, டிரம்ஸ் இல்லாமல், பாஞ்சோவும் ஃபிடிலும் முன்னே நிற்க எடுத்த புளூகிராஸ் (மின் கருவிகள் இல்லாத பழைய கன்ட்ரி வகை) சாயல் ஆல்பம் அது. இது நேர்மாறு. லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோ; டிரம்ஸில் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் சாட் ஸ்மித்; கிதாரில் டாம் பெட்டியின் குழுவைச் சேர்ந்த மைக் கேம்பெல், கீபோர்டில் அதே குழுவின் பென்மான்ட் டென்ச். பதினான்கு பாட்டுகள், எல்லாவற்றிலும் மூன்று பெண்களும் பாடலாசிரியர்கள்; கூட எழுதியவர்களில் டான் வில்சன், நீல் ஃபின், கேரி லூரிஸ், ஷெரில் க்ரோ, கெப் மோ. நாஷ்வில்லின் வழக்கமான பாட்டு எழுதும் பட்டறை இந்தப் பெயர்களில் இல்லை. எந்தப் பக்கம் முகம் திருப்பி இந்த ஆல்பம் உட்கார்ந்திருக்கிறது என்பதை உறையின் பின்பக்கமே சொல்லிவிடும்.

அதன் தலைமைப் பாட்டு 'நாட் ரெடி டு மேக் நைஸ்'. சமாதானமாகப் போகத் தயாரில்லை என்பது பொருள். ஒற்றை அகூஸ்டிக் கிதார், தாழ்ந்த குரல், மன்னிக்கலாம் ஆனால் மறக்க முடியுமா தெரியவில்லை என்ற தயக்கம் என்று தொடங்கும். கம்பி வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஏறும். நடுப்பகுதியில் குரல் உச்சிக்குப் போகும்: முன்பின் தெரியாத ஒருத்தியை வெறுக்கும்படி ஒரு தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும், பாடுவதை விட்டு வாயை மூடு, இல்லையென்றால் உயிர் போகும் என்று வந்த கடிதமும் அங்கேதான் வருகின்றன. அந்தக் கடிதம் கற்பனை அல்ல. 2003 ஜூலையில் டாலஸ் கச்சேரிக்கு முன் வந்த கொலை மிரட்டல். பிறகு பாட்டு மறுபடி முதல் வரியின் தாழ்ந்த குரலுக்கே திரும்பி முடியும். கோபத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டு மனம் ஆறியது என்று முடிக்காமல், ஆறவில்லை என்று முடிப்பதுதான் இதன் பலம். என் கணிப்பில், இசை விமர்சகர்களை அசைத்தது பாட்டின் அரசியலைவிட இந்தக் கட்டமைப்புத்தான். அரசியல் சொல் என்று எடுத்தால் பாட்டில் போரும் இல்லை, புஷ்ஷும் இல்லை.

விமர்சனங்களின் பொது நிறம் சாதகம். பாராட்டியவர்கள் சொன்னது இரண்டு: எழுத்தில் ஒளிவுமறைவின்மை, மூன்று குரல்களும் பொருந்தும் ஹார்மனி. அரசியலே பேசாத பாட்டுகளும் கவனம் பெற்றன. 'சோ ஹார்ட்' குழந்தைப்பேறின்மையைப் பற்றியது. 'சைலன்ட் ஹவுஸ்' அல்சைமரில் நினைவிழந்த பாட்டியைப் பற்றியது. குறை சொன்னவர்களின் வாதமும் லேசானதல்ல, அதைத் தள்ளிவிடக் கூடாது. ஒரு மணி நேரத்தைத் தாண்டும் ஆல்பத்தில் நடுத்தர வேகப் பாட்டுகள் அடுத்தடுத்து வருகின்றன. எழுபதுகளின் கலிஃபோர்னியா ராக் பூச்சு எல்லாவற்றின் மேலும் ஒரே கனத்தில் படிகிறது. மார்ட்டி மக்வயரின் ஃபிடிலும் எமிலி ராபிசனின் பாஞ்சோவும், குழுவின் உயிர்நாடியே அவைதான், பின்வரிசைக்குப் போய்விட்டன. 'ஹோம்' ஆல்பத்தை அடுத்து இதைக் கேட்டால் இந்தக் குறை காதில் நேராகவே விழும். கலகலப்பு பெரிய அளவில் குறைந்துவிட்டது என்பதும் உண்மை.

இப்போது கடைக்கணக்கு. முதல் வாரத்தில் அமெரிக்காவில் 5,26,000 பிரதிகள். எல்லா வகை ஆல்பங்களுக்குமான பில்போர்டு 200 பட்டியலிலும் கன்ட்ரி ஆல்பம் பட்டியலிலும் முதலிடம். தனியாகப் பார்த்தால் பெரும் வெற்றி. ஒரு ஆல்பத்தின் எண்ணை எப்போதும் அதே குழுவின் முந்தைய ஆல்பத்தோடும், அந்தந்த ஆண்டின் சந்தை அளவோடும் வைத்துப் பார்க்க வேண்டும். 'ஹோம்' முதல் வாரத்தில் விற்றது 7,80,000. ஆக 2,54,000 குறைவு, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அந்த நான்கு ஆண்டில் அமெரிக்காவின் மொத்த ஆல்பம் விற்பனையே ஆண்டுக்குச் சுமார் 68 கோடியிலிருந்து 59 கோடிக்குள் இறங்கியிருந்தது, அதாவது பதினான்கு சதவீதச் சரிவு. குறைந்த மூன்றில் ஒரு பங்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான அளவைச் சந்தை தின்றது என்று வைத்தால், மீதியை ரசிகர் விலகல் என்று கணக்கிடலாம். இது தோராயக் கணக்கு. நான்கு ஆண்டு இடைவெளியும் ஒலிமாற்றமும் அதற்குள்ளேயே இருக்கின்றன, அவற்றைத் தனியே பிரித்தெடுக்க வழியில்லை. நீண்டகாலக் கணக்கும் அதே பக்கம்தான் சாய்கிறது: 'ஹோம்' ஆறு பிளாட்டினம், இது இரண்டு. பிளாட்டினம் (ஒன்றுக்குப் பத்து லட்சம் பிரதிகள்) என்பது அன்று கடைக்கு அனுப்பிய பிரதிகளின் கணக்கு, விற்ற கணக்கு அல்ல. முதல் வார எண்களைத் தந்த சவுண்ட்ஸ்கேன் அமைப்புதான் கடையில் பார்கோடு வருடியதை எண்ணியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அதே நேரத்தில் 'நாட் ரெடி டு மேக் நைஸ்' கன்ட்ரி பாடல் பட்டியலில் 36-க்கு மேல் ஏறவில்லை. அடுத்த சிங்கிள் (ஆல்பத்திலிருந்து தனியாக வெளியிட்ட பாட்டு) 'எவ்ரிபடி நோஸ்' 48. கடையில் ஒன்றாமிடம், வானொலியில் முப்பத்தாறு என்பது முரண்போலத் தெரிகிறது. அந்தப் பட்டியல் எதை எண்ணியது என்று தெரிந்துகொண்டால் முரண் இல்லை. 2006-இல் ஹாட் கன்ட்ரி சாங்ஸ் என்பது முழுக்க முழுக்க கன்ட்ரி வானொலி ஒலிபரப்பின் கணக்கு. ஒரு டவுன்லோடுகூட அதில் சேராது. அதாவது அது நேயர்களின் வாக்குப்பெட்டி அல்ல, கன்ட்ரி நிலையங்களில் பாட்டுத் தேர்வு செய்யும் நிகழ்ச்சி இயக்குநர்களின் வாக்குப்பெட்டி. அவர்கள் தேர்வு செய்யும் முறையையும் பார்க்க வேண்டும். தொலைபேசியில் நேயரைக் கூப்பிட்டு, பாட்டின் பிடிப்பான சில விநாடிகளை ஒலிக்கவிட்டு, தெரியுமா, பிடிக்குமா, அலுத்துவிட்டதா என்று மதிப்பெண் கேட்பார்கள். அங்கே "மிகப் பிடிக்கும்" என்று பத்துப் பேர் சொல்வதைவிட "கேட்டால் நிலையத்தை மாற்றிவிடுவேன்" என்று மூன்று பேர் சொல்வது கனமானது. வானொலிக்கு வருமானம் விளம்பரத்தில் இருந்து. நேயர் விலகாமல் இருப்பதே அதற்கு முக்கியம். ஆதரவாளர் கடைக்குப் போய் சிடி வாங்குகிறார், எதிர்ப்பாளர் நிலையத்துக்குப் போன் போடுகிறார். இரண்டு பட்டியல்களும் எதிரெதிர்ப் பக்கம் போனதற்குக் காரணம் இதுதான். ஒரு விஷயத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்தப் பாட்டின் ஒலியே வானொலியின் அன்றைய கன்ட்ரி ஒலியோடு ஒட்டவில்லை, சமாதானமாகப் போக மாட்டேன் என்று சொல்லும் பாட்டையே முதல் சிங்கிளாக அனுப்பியதும் அந்த நிலையங்களின் முகத்தில் அடித்தாற்போலத்தான் இருந்தது. ஆக 36-இல் எவ்வளவு பழைய கோபம், எவ்வளவு புதிய ஒலி என்று பங்கு பிரிக்க முடியாது.

ரசிகர் தரப்பில் மனஸ்தாபம் இருபக்கமும் இருந்தது. 2006 மே 'டைம்' இதழ் அட்டைக் கட்டுரையில் மெய்ன்ஸ், லண்டன் பேச்சுக்காக 2003-இல் கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதே கட்டுரையில் மக்வயர், கன்ட்ரி நட்சத்திரங்களான ரீபா மக்கென்டைர், டோபி கீத் சிடிகளோடு எங்களையும் அடுக்கி வைத்திருப்பவர்களைவிட எங்களைப் புரிந்துகொள்ளும் சிறு கூட்டமே மேல் என்ற பொருளில் பேசினார். அதுவரை நடுநிலையாக இருந்த கன்ட்ரி ரசிகர்களையும் இது சுட்டது. போரைப் பற்றிய கருத்தைக்கூட மறந்திருப்பார்கள். "உன் ரசனை மட்டம்" என்று காதில் விழுந்ததை எந்த ஊர் ரசிகரும் மறக்க மாட்டார். ஆல்பம் வெளிவந்த அதே மே 23 இரவு அகாடமி ஆஃப் கன்ட்ரி மியூசிக் விருது விழாவைத் தொகுத்து வழங்கிய ரீபா, வாயில் காலை வைத்துக்கொண்டே (சொல்லக் கூடாததைச் சொல்லி மாட்டிக்கொள்வதற்கான ஆங்கில வழக்கு) சிக்ஸ் பாட முடியும் என்றால் நான் இந்த விழாவை நடத்த முடியாதா என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. நாஷ்வில்லின் மனநிலைக்கு அந்தச் சிரிப்பு போதும்.

டிக்கெட் விற்பனை இன்னும் தெளிவாகப் பேசும். 2006 'ஆக்சிடென்ட்ஸ் அண்ட் அக்யூசேஷன்ஸ்' பயணத்தின் முதல் அட்டவணையையும் திருத்திய அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அமெரிக்காவின் தெற்கிலும் நடுமேற்கிலும் பத்துக்கு மேற்பட்ட கச்சேரிகள் ரத்தாகியோ தள்ளிப்போயோ இருப்பதும், கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் புதிதாகச் சேர்ந்திருப்பதும் தெரியும். முதலில் இவர்களைத் தூக்கிவைத்துக் கொண்டாடியதே அந்தத் தெற்கும் நடுமேற்கும்தான். ஆல்பம் வாங்கிய ஐந்து லட்சம் பேரும் பழைய ஐந்து லட்சம் பேர் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறில்லை. புதியவர்கள் வந்தார்கள், பழையவர்கள் போனார்கள். வந்தவர்கள் போனவர்களைவிடக் குறைவு, வேறு ஊர்க்காரர்கள்.

இனி கிராமி. 2007 பிப்ரவரி 11. ஆண்டின் சிறந்த ஆல்பம், ரெக்கார்டு (ஒலிப்பதிவுக்கு), பாடல் (எழுதியதற்கு) மூன்றும், கன்ட்ரி ஆல்பம், கன்ட்ரி குழுப் பாட்டு இரண்டும் ஆக ஐந்து. போட்டியிட்ட ஐந்திலும் வெற்றி. ரூபினுக்கு ஆண்டின் சிறந்த தயாரிப்பாளர் விருது தனியே. அரசியல் வாடை இல்லை என்று சாதிக்க முடியாது. மேடையில் அவர்களை அறிமுகப்படுத்த வந்தவரே போர் எதிர்ப்புக்குப் பேர்போன பாடகி ஜோன் பேயஸ். காற்றும் திரும்பியிருந்தது: கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 2003 மார்ச் இறுதியில் புஷ்ஷுக்கு இருந்த 71 சதவீத ஆதரவு 2006 மே மாதத்தில் 31 ஆகியிருந்தது. 2003-இல் தேசத்துரோகமாகப் பட்ட வரி 2006-இல் பாதிக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் பேசுகிற பேச்சு. ஆனால் அரசியல் மட்டும்தான் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். சிறந்த ஆல்பத்துக்குப் போட்டியிட்ட மற்ற நான்கையும் பாருங்கள். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் 'ஸ்டேடியம் ஆர்கேடியம்': தயாரிப்பாளர் அதே ரூபின், டிரம்ஸ் அதே சாட் ஸ்மித். ஜஸ்டின் டிம்பர்லேக்கின் ஆல்பத்தில் ஒரு பாட்டு ரூபின் தயாரிப்பு. ஜான் மேயர் போட்டியாளர்; அவரே சிக்ஸின் 'ஐ ஹோப்' பாட்டில் கிதார் வாசித்தவர். எஞ்சியது நார்ல்ஸ் பார்க்லி ஒன்றுதான். வாக்களிக்கும் உறுப்பினர்களில் ஸ்டுடியோ கலைஞர்கள், ஒலிப்பதிவாளர்கள், தயாரிப்பாளர்கள் நிறைய. அவர்களின் ஊர், அவர்களின் ஒலி, அவர்களோடு வாசித்தவர்கள். புஷ் யாரென்றே தெரியாத ஒரு கலிஃபோர்னியா ஒலிப்பதிவாளர்கூட இந்த ஆல்பத்துக்குக் கை தூக்கக் காரணம் இருந்தது.

கன்ட்ரித் துறையின் சொந்த அமைப்பான கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் (சிஎம்ஏ) 2006 விருதுகளில் இந்த ஆல்பத்துக்கு ஒரு பரிந்துரைகூடத் தரவில்லை. ஒரே ஆல்பம், ஒரு சபையில் ஐந்துக்கு ஐந்து, இன்னொரு சபையில் வெறுங்கை. ஆண்டின் சிறந்த ஆல்பம் போன்ற பொதுப் பிரிவு கிராமிக்கு வாக்களிக்க கன்ட்ரிக்காரராக இருக்க வேண்டியதில்லை, சிஎம்ஏ வாக்காளரோ அந்தத் துறையிலேயே பிழைப்பவர். ஆகவே "கிராமி வென்றது, எனவே கன்ட்ரி உலகம் மன்னித்துவிட்டது" என்று எழுதுவது பிழை. மன்னித்தது வேறு உலகம். கிராமிக்கு மறுவாரம் ஆல்பம் 72-ஆம் இடத்திலிருந்து 8-க்குத் தாவியது, பாட்டு ஹாட் 100-இல் 4-க்கு ஏறியது. ஹாட் 100 பட்டியல் 2005 முதலே டவுன்லோடுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தது, அந்த ஏற்றம் அங்கிருந்து வந்தது. கன்ட்ரி நிலையங்கள் மட்டும் அசையவில்லை.

உறுதியாகச் சொல்லத்தக்கதும் ஐயத்துக்குரியதும் இப்போது பிரியும். பழைய வாடிக்கையாளர்களில் ஒரு பெரும் பகுதி திரும்பவில்லை, வானொலி மூடியே இருந்தது, விமர்சகர்கள் பெரும்பாலும் வரவேற்றார்கள், கிராமி வாக்காளர்கள் கொண்டாடினார்கள்: இவை நான்கும் உறுதி. அந்த வாக்காளர்களில் எத்தனை பேர் பாட்டுக்கும் எத்தனை பேர் துணிச்சலுக்கும் போட்டார்கள் என்பதற்கு எவரிடமும் கணக்கில்லை, வாக்குகள் வெளியிடப்படுவதில்லை. அதைச் சதவீதமாகச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கையிலிருந்து போடுகிறார்.

இந்த அளவுகோல்களை வேறோர் ஆல்பத்தில் வைத்துப் பார்க்க விரும்பினால் பியான்சேயின் 'கௌபாய் கார்ட்டர்' (2024) கச்சிதமாகப் பொருந்தும். அதன் 'டெக்சஸ் ஹோல்டெம்' ஹாட் கன்ட்ரி சாங்ஸ் பட்டியலில் முதலிடம், ஏனென்றால் 2012 அக்டோபர் முதல் அந்தப் பட்டியல் விற்பனையையும் ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்து எண்ணுகிறது. வானொலியை மட்டும் எண்ணும் கன்ட்ரி ஏர்ப்ளே பட்டியலில் அதே பாட்டு 33-இல் நின்றுவிட்டது. சிக்ஸ் நின்ற 36-க்குப் பக்கத்து வீடு. பிறகு சிஎம்ஏவில் பரிந்துரையே இல்லை, 2025 பிப்ரவரி கிராமியில் சிறந்த ஆல்பமும் சிறந்த கன்ட்ரி ஆல்பமும். காரணங்கள் வேறு வேறு, ஆனால் கதவுகள் அதே கதவுகள். 2016 நவம்பரில் சிக்ஸும் பியான்சேயும் சிஎம்ஏ மேடையில் சேர்ந்து பாடியபோது அதைப் பிடிக்காத கன்ட்ரி ரசிகர்கள் இணையத்தில் கொதித்ததும் இதே வரிசையில் வைக்கத்தக்கது.

கேட்டுப் பார்க்க உத்தேசம் இருந்தால், பதினான்கையும் ஒரே மூச்சில் வேண்டாம். மேலே சொன்ன நடுத்தர வேகச் சலிப்பு ஒன்பதாவது பாட்டுக்குள் வந்துவிடும். முதலில் 'ஹோம்' ஆல்பத்திலிருந்து 'லாங் டைம் கான்' கேளுங்கள், வானொலிக் கன்ட்ரியைக் கிண்டலடிக்கும் பாட்டு, அதைத்தான் அன்று வானொலியே தலையில் வைத்துக் கொண்டாடியது. அடுத்து 'நாட் ரெடி டு மேக் நைஸ்'. அதற்கடுத்து 'லப்பக் ஆர் லீவ் இட்'. நடாலி பிறந்த லப்பக் ஊரைப் பற்றி, இந்த ஆல்பத்திலேயே பாஞ்சோ சுறுசுறுப்பாக ஓடும் பாட்டு அதுதான். விமானம் ஏறும் இடத்தில் அந்த ஊர்க்காரரான ராக் பாடகர் பட்டி ஹாலியின் முகம் தெரிகிறது. உயிரோடு இருந்தபோது அவனையும் வெறுத்தீர்கள், நான் போன பிறகு எனக்கும் சிலை வைப்பீர்களோ என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்.